ஸ்பெல்லும் மான்ஸ்டரின் ஆற்றலும் மோதும்போது: டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்புக்கானது. 2014 விதிகளை அடிப்படையாக வைத்திருக்கிறோம். 2024-இல் வந்த திருத்தங்களும் 2025 மான்ஸ்டர் புத்தகமும் மாற்றியவற்றில் முக்கியமானவற்றை அந்தந்த இடத்திலேயே சொல்கிறோம். 8டி6 என்றால் ஆறுமுகப் பகடை எட்டு. டி.எம். என்பவர் ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டர். புத்தகத்தில் தனிப் பெயரும் லெவலும் கொண்டவற்றை மட்டும் ஸ்பெல் என்கிறோம். மந்திரம் என்று பொதுவாகச் சொல்லும்போது அதைவிடப் பரந்த ஒன்றைச் சொல்கிறோம். மேசையில் எழும் வாக்குவாதங்களில் பெரும்பாலானவை இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததால் வருபவை.

மான்ஸ்டர் செய்வது ஸ்பெல்லா, மந்திரமா, அதன் உடல் இயல்பா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கு ஸ்பெல்: மான்ஸ்டரின் விவரக்குறிப்பில் "ஸ்பெல்காஸ்டிங்" அல்லது "இன்னேட் ஸ்பெல்காஸ்டிங்" என்ற தலைப்பின் கீழ் இருப்பவை. இரண்டாவது, ஸ்பெல் அல்லாத ஆனால் மந்திரத்தால் இயங்கும் ஆற்றல். மூன்றாவது, மந்திரமே இல்லாத இயல்பு: நகம், விஷப்பல், டிராகனின் மூச்சு போன்றவை.

இரண்டாவதையும் மூன்றாவதையும் பிரிப்பதுதான் கடினம். அதற்கு விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்தின் விதி விளக்கத் தொகுப்பு ஐந்து கேள்விகளைத் தருகிறது. அது மந்திரப் பொருளா? அது ஸ்பெல்லா, அல்லது தன் விவரத்தில் பெயர் சொல்லும் ஒரு ஸ்பெல்லின் விளைவை உண்டாக்குகிறதா? ஸ்பெல் தாக்குதலா? ஸ்பெல் ஸ்லாட்டை (ஸ்பெல் போடுவதற்கென உள்ள அளவான இருப்பை) செலவழித்து இயங்குகிறதா? அதன் விவரமே "மந்திரத்தால்" என்று சொல்கிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால் அது மந்திரம். ஐந்துக்கும் இல்லை என்றால், எவ்வளவு அதிசயமாகத் தோன்றினாலும் விதிப்படி மந்திரம் இல்லை.

ஐந்தாவது கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். 2014 புத்தகத்தில் பாசிலிஸ்க்கும் மெடூசாவும் பார்வையாலேயே ஆளைக் கல்லாக்குகின்றன. பாசிலிஸ்க் விவரத்தில் பாதிக்கப்பட்டவர் "மந்திரத்தால்" கல்லாக மாறத் தொடங்குகிறார் என்று இருக்கிறது. மெடூசா விவரத்தில் அந்தச் சொல் இல்லை. எனவே மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மந்திரத்தை எதிர்க்கும் குணம்) உள்ள ஒரு பிராணி பாசிலிஸ்க்கின் பார்வைக்கு எதிராக அட்வான்டேஜுடன், அதாவது இரண்டு பகடை உருட்டிப் பெரியதை எடுத்து, சேவ் (தப்பிப்பதற்கான உருட்டல்) உருட்டும். மெடூசாவிடம் அந்தச் சலுகை கிடையாது. கதைக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினால் டி.எம். மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஆட்டம் தொடங்குமுன் மாற்றுங்கள். ஆள் பாதி கல்லான பிறகு மாற்றினால் மேசையில் நம்பிக்கை போய்விடும்.

எந்தத் தடுப்பு எந்த அடுக்கைத் தொடும்?

கவுண்டர்ஸ்பெல் (போடப்படும் ஸ்பெல்லை முறிப்பது), டிஸ்பெல் மேஜிக் (ஓடும் ஸ்பெல்லைக் கலைப்பது), குளோப் ஆஃப் இன்வல்னரபிலிட்டி (வெளியிலிருந்து வரும் ஸ்பெல்லைத் தடுக்கும் கோளம்) மூன்றும் முதல் அடுக்கை, அதாவது ஸ்பெல்லை மட்டுமே தொடும். மேஜிக் ரெசிஸ்டன்ஸும், மந்திரத்தையே அடக்கும் ஆன்டிமேஜிக் ஃபீல்டும் முதல் இரண்டு அடுக்கையும் தொடும். மூன்றாவது அடுக்கை இவற்றில் எதுவும் தொடாது.

டிராகன் நெருப்பு மூச்சு விடும்போது கவுண்டர்ஸ்பெல் போடலாமா?

முடியாது. அது ஸ்பெல் இல்லை. மந்திரமாகவும் கணக்கில் வராததால் ஆன்டிமேஜிக் ஃபீல்டுக்குள் ஒளிந்தாலும் நெருப்பு வரும். டிராகன் பறப்பதும் அப்படியே. ஆன்டிமேஜிக் பட்டு அது கீழே விழாது.

உண்மையில் உதவுபவை வேறு. முதலில், கூட்டமாக நிற்காதீர்கள். வளர்ந்த சிவப்பு டிராகனின் மூச்சு 60 அடி கூம்பு, 18டி6 நெருப்பு, சராசரி 63. டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) சேவின் டிசி, அதாவது எட்ட வேண்டிய எண், 21 என்பதால் பெரும்பாலோர் தோற்பார்கள். ஒரே கூம்புக்குள் நான்கு பேர் இருந்தால் அந்த ஒரு மூச்சிலேயே சண்டையின் போக்கு மாறிவிடும். அடுத்து, சேதத்தைக் குறைக்கும் அப்சார்ப் எலிமென்ட்ஸ்: அது ஸ்பெல்லைப் பார்த்து உடனடிப் பதிலாகப் போடும் ரியாக்‌ஷன் இல்லை, நெருப்புச் சேதம் விழுவதைப் பார்த்துப் போடுவது. அதனால் மூச்சுக்கும் செல்லும். வால் ஆஃப் ஃபோர்ஸ் எழுப்பியிருந்தால் நெருப்பு அதைத் தாண்டாது, ஏனென்றால் பொருள் எதுவும் அதை ஊடுருவ முடியாது. ஆனால் அதை உங்கள் முறையிலேயே போட்டு வைத்திருக்க வேண்டும். மூச்சு வரும்போது ரியாக்‌ஷனாகப் போட முடியாது.

சேவில் ஜெயித்தால் பாதி, ரெசிஸ்டன்ஸ் இருந்தால் பாதி. இரண்டும் இருந்தால்?

வரிசையாகச் செய்யுங்கள், ஒவ்வொரு படியிலும் கீழ்முகமாக முழு எண்ணாக்குங்கள். மேலே சொன்ன 63-ஐ எடுத்துக்கொள்வோம். சேவில் ஜெயித்ததால் 31. பிறகு நெருப்பு ரெசிஸ்டன்ஸால் 15. குறிப்பிட்ட எண்ணைக் கழிக்கும் ஆற்றல் ஏதாவது இருந்தால் அதை ரெசிஸ்டன்ஸுக்கு முன் கழிக்க வேண்டும். ரெசிஸ்டன்ஸ் எப்போதும் கடைசிப் பக்கம்தான் வரும், அதற்கும் பிறகு வல்னரபிலிட்டி (சேதத்தை இரட்டிப்பாக்கும் பலவீனம்).

ஒரே வகைச் சேதத்துக்கு இரண்டு இடத்திலிருந்து ரெசிஸ்டன்ஸ் வந்தாலும் ஒரு தடவைதான் பாதியாகும். டீஃப்லிங் இனத்தவர் ஒருவருக்கு நெருப்பு ரெசிஸ்டன்ஸ் தரும் ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் எனர்ஜி போடுவது மூன்றாம் லெவல் ஸ்லாட்டையும் கான்சென்ட்ரேஷனையும் (ஒரு நேரத்தில் ஒரு ஸ்பெல்லை மட்டும் ஓடவைக்கும் மன ஒருமுகத்தையும்) வீணாக்குவது. அவருக்கு நெருப்பு ரெசிஸ்டன்ஸ் பிறப்பிலேயே இருக்கிறது.

கவுண்டர்ஸ்பெல் எப்போது தோற்கிறது?

நான்கு இடங்களில் தோற்கும்.

தூரம்: 60 அடிக்குள் இருக்க வேண்டும். ஃபயர்பால் 150 அடியிலிருந்து வரும். அறிவுள்ள எதிரி மந்திரவாதி 65 அடியில் நிற்பதை டி.எம். மறக்கக் கூடாது, ஆட்டக்காரரும் மறக்கக் கூடாது.

பார்வை: ஸ்பெல் போடுபவரைப் பார்க்க வேண்டும். ஃபாக் கிளவுட், முழு மறைப்பு, மறைந்துபோன எதிரி, எல்லாமே கவுண்டர்ஸ்பெல்லை முடக்கும்.

உணர முடியாத ஸ்பெல்: சொல், கைச்சைகை, பொருள் மூன்றும் இல்லாமல் போடப்படும் ஸ்பெல்லை யாரும் கவனிக்க முடியாது. மைண்ட் ஃப்ளேயரின் டாமினேட் மான்ஸ்டர் இப்படிப்பட்டது. அதன் விவரத்திலேயே எந்தக் காம்போனென்ட்டும் தேவையில்லை என்று இருக்கிறது. "பொருள் தேவையில்லை" என்று மட்டும் சொல்லும் மான்ஸ்டர்கள் வேறு. அவற்றுக்குச் சொல்லும் சைகையும் உண்டு என்பதால் அவற்றைத் தடுக்கலாம்.

லெவல்: 2014 விதியில் மூன்றாம் லெவல் ஸ்லாட்டில் போட்டால் மூன்றும் அதற்குக் கீழும் தானாக முறியும். மேலே இருந்தால் உங்கள் ஸ்பெல்காஸ்டிங் திறனைக் கொண்டு 10 + ஸ்பெல் லெவல் என்ற டிசிக்கு உருட்ட வேண்டும். 2024 விதியில் இது அடியோடு மாறிவிட்டது. எதிரி கான்ஸ்டிட்யூஷன் (உடல் உறுதி) சேவ் உருட்டுகிறார். தோற்றால்தான் ஸ்பெல் கலையும், அப்போதும் அவருடைய ஸ்லாட் செலவாகாது. இதனால் ஒரு பெரிய விளைவு: எதிரி மான்ஸ்டருக்கு மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இருந்தால் அந்தச் சேவிலும் அட்வான்டேஜ், லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ் (தோற்ற சேவை ஜெயித்ததாக மாற்றும் உரிமை) இருந்தால் அதையும் செலவழித்துத் தப்பலாம். புதிய விதியில் ஆடும் மேசையில் பெரிய எதிரியிடம் கவுண்டர்ஸ்பெல்லை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

டி.எம்.களுக்கு: "அது ஃபயர்பால் போடுகிறது, எல்லோரும் சேவ் உருட்டுங்கள்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் கவுண்டர்ஸ்பெல் வைத்திருப்பவருக்கு இடமே இல்லை. "அது ஒரு ஸ்பெல் போடத் தொடங்குகிறது" என்று சொல்லி ஒரு நொடி நிறுத்துங்கள்.

வாம்பயர் நண்பனை மயக்கிவிட்டது. டிஸ்பெல் மேஜிக் போதுமா?

போதாது. வாம்பயரின் மயக்கு மந்திரம்தான், ஆனால் ஸ்பெல் இல்லை; டிஸ்பெல் மேஜிக் ஸ்பெல்லை மட்டுமே முடிக்கும். கல்லானவரை மீட்பதும் அப்படியே. அதற்கு கிரேட்டர் ரெஸ்டொரேஷன் வேண்டும். வாம்பயருக்கு எதிராகச் சரியான மருந்து ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட். முதல் லெவல்தான். முன்கூட்டியே போட்டிருந்தால் வாம்பயர் போன்ற அன்டெட் (செத்தும் நடமாடுபவை) அவரை மயக்கவே முடியாது. மயங்கிய பிறகு போட்டால் அடுத்த சேவ்களில் அட்வான்டேஜ் கிடைக்கும்.

எலும்புக்கூடுகளை டிஸ்பெல் செய்ய முயல்வதும் அடிக்கடி நடக்கிறது. அனிமேட் டெட் போட்டு முடித்ததுமே முடிந்துவிடும் ஸ்பெல். எலும்புக்கூடு எழுந்த பிறகு அங்கே கலைக்க ஸ்பெல் எதுவும் மிச்சமில்லை. கால அளவு உள்ள ஸ்பெல்லால் அழைக்கப்பட்ட பிராணி வேறு. அதை அழைத்த ஸ்பெல் இன்னும் ஓடுகிறது, அதைக் குறிவைக்கலாம்.

மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உள்ள மான்ஸ்டரிடம் எந்த ஸ்பெல் எடுபடும்?

அந்தக் குணம் சேவுக்கு மட்டும் அட்வான்டேஜ் தருகிறது. பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள சேவ் என்றால் தோற்கும் வாய்ப்பு 50 சதவீதத்திலிருந்து 25-ஆக இறங்கிவிடும். எனவே சேவ் கேட்காத ஸ்பெல்லுக்கு மாறுங்கள். ஃபயர் போல்ட், ஸ்கார்ச்சிங் ரே போன்றவை தாக்குதல் உருட்டலைக் கேட்பவை. மேஜிக் மிசைல் எதையும் கேட்காது. அதைவிடவும் நல்லது, மான்ஸ்டரைக் குறிவைக்காமல் தோழர்களை வலுவாக்குவது: பிளெஸ், ஹேஸ்ட். வாள் வெட்டுக்கு மேஜிக் ரெசிஸ்டன்ஸ் கிடையாது.

ராக்ஷசாவின் மேல் எந்த ஸ்பெல்லும் ஏறவில்லையே?

நம் புராணத்து இராட்சதர்களின் பெயரைத் தாங்கிய இந்தப் புலித்தலைப் பிராணிக்கு 2014 விதியில் இருப்பது சாதாரண ரெசிஸ்டன்ஸ் இல்லை. ஆறாம் லெவலும் அதற்குக் கீழும் உள்ள ஸ்பெல் எதுவும் அது விரும்பாவிட்டால் அதைப் பாதிக்காது, அதைக் கண்டுபிடிக்கவும் செய்யாது. டிடெக்ட் தாட்ஸ் போட்டு ஊர்ப் பெரியவரின் மனத்தைப் படிக்க முயன்று ஒன்றும் கிடைக்காமல் போவதே ஒரு தடயம். ஏழாம் லெவலும் மேலும் உள்ளவை வேலை செய்யும், ஆனால் அவற்றிலும் அதற்குச் சேவில் அட்வான்டேஜ்.

இங்கே கணக்கில் வருவது எந்த ஸ்லாட்டில் போட்டீர்கள் என்பதே. ஃபயர்பாலை மூன்றாம் ஸ்லாட்டில் போட்டால் ஒன்றுமில்லை; ஏழாம் ஸ்லாட்டில் போட்டால் ஏழாம் லெவல் ஸ்பெல், பாதிக்கும். ஸ்லாட் இல்லாத அணி ஆயுதத்தைத்தான் நம்ப வேண்டும்: நல்ல குணமுள்ளவர் கையிலிருக்கும் மந்திர ஆயுதத்தின் குத்துச் சேதத்துக்கு ராக்ஷசா வல்னரபிள், அதாவது இரட்டிப்புச் சேதம். மந்திர ஈட்டியோ அம்போ கையில் இருந்தால் அதை யாரிடம் கொடுப்பது என்று முன்பே பேசி வையுங்கள்.

லெஜண்டரி ரெசிஸ்டன்ஸை எப்படித் தீர்ப்பது?

நாளுக்கு மூன்று முறை, சேவில் தோற்ற பிறகு "ஜெயித்தேன்" என்று மாற்றிக்கொள்ளும் உரிமை அது. மிகச் சிறந்த ஸ்பெல்லை முதல் சுற்றில் போட்டால் அது வீணாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சேவைக் கேட்கிறோம் என்பது முக்கியம். வளர்ந்த சிவப்பு டிராகனின் சேவ்கள்: டெக்ஸ்டெரிட்டி +6, கான்ஸ்டிட்யூஷன் +13, விஸ்டம் +7, கரிஸ்மா +11. உங்கள் டிசி 17 என்றால் கான்ஸ்டிட்யூஷனில் அது 85 சதவீதம் தானாகவே ஜெயிக்கும். ரெசிஸ்டன்ஸைத் தொடவே வேண்டியதில்லை. டெக்ஸ்டெரிட்டியில் பாதிக்குப் பாதி. எனவே விலையைத் தரச் செய்ய வேண்டுமானால் டெக்ஸ்டெரிட்டியும் விஸ்டமும் கேட்கும் ஸ்பெல்களைப் போடுங்கள். அதிலும் டி.எம். சும்மா விட்டுவிட முடியாதவை வேண்டும்: டிராகன் பறந்துகொண்டிருக்கும்போது போடும், அதை அசையாமல் முடக்கும் ஹோல்ட் மான்ஸ்டர் போன்றவை. வெறும் சேதம் தரும் ஸ்பெல்லுக்கு நல்ல டி.எம். ரெசிஸ்டன்ஸைச் செலவழிக்க மாட்டார்.

இன்னொரு வழி, சேவே கேட்காமல் அடைப்பது. வால் ஆஃப் ஃபோர்ஸுக்கு லெஜண்டரி ரெசிஸ்டன்ஸால் பதில் சொல்ல முடியாது. டிஸ்பெல் மேஜிக்கும் அதைக் கலைக்காது, டிஸின்டெக்ரேட்தான் உடைக்கும்.

டி.எம். அதைப் பயன்படுத்தும்போது வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. ஒளித்து வைத்தால் ஆட்டக்காரர்களுக்குத் தாங்கள் ஏதாவது முன்னேறினோமா என்றே தெரியாது.

பிஹோல்டரின் கூம்புக்குள் நின்றால் சரியாக என்ன நடக்கும்?

பிஹோல்டர் பல கண்கள் கொண்ட மிதக்கும் மான்ஸ்டர். அதன் நடுக்கண் 150 அடி கூம்பில் ஆன்டிமேஜிக்கை வீசுகிறது. அந்தக் கூம்புக்குள் +2 மந்திர வாள் வெறும் வாளாகிவிடும். ஃப்ளை ஸ்பெல்லில் 40 அடி உயரத்தில் இருப்பவர் விழுவார்: 10 அடிக்கு 1டி6 வீதம் 4டி6 சேதம். ஹேஸ்ட், பிளெஸ் எல்லாம் அடங்கிக் கிடக்கும். ஆனால் முடிந்துபோவதில்லை, கூம்பு விலகியதும் மீதிக் காலத்துக்கு மீண்டும் இயங்கும். அடங்கியிருந்த நேரமும் கால அளவில் கழியும்.

இப்போது மிக முக்கியமானது. கூம்பு பிஹோல்டரின் சொந்தக் கண்கதிர்களையும் அடக்கும். கூம்புக்குள் நிற்பவரைக் கதிர் தொடாது. கூம்பு எந்தப் பக்கம், திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதை அது தன் முறையின் தொடக்கத்தில் தீர்மானிக்க வேண்டும். இடையில் மாற்ற முடியாது. மற்றவர்கள் முறை முடிந்ததும் லெஜண்டரி ஆக்‌ஷனில் விடும் கதிரும் கூம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கே.

இதனால் பிஹோல்டர் வழக்கமாக மந்திரவாதிகளைக் கூம்பில் பிடித்துவைத்து, வெளியே நிற்கும் ஆயுத வீரரான ஃபைட்டரைக் கதிரால் அடிக்கும். பதில்: ஃபைட்டரும், பதுங்கித் தாக்கும் ரோக் வகுப்பினரும் கூம்புக்குள் புகுந்து கிட்டே போய் அடிக்க வேண்டும், மந்திரவாதி பக்கவாட்டில் ஓடிக் கூம்பைவிட்டு வெளியேற வேண்டும். உள்ளுணர்வு இதற்கு நேர்மாறாகச் சொல்லும். பிஹோல்டர் மிதப்பது அதன் உடல் இயல்பு, அது கூம்பால் விழாது.

ஹோல்ட் பெர்சன் கோப்ளினிடம் வேலை செய்யவில்லை என்று டி.எம். சொல்கிறார். சரியா?

எந்தப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. அந்த ஸ்பெல் ஹ்யூமனாய்டுகளை (மனிதரும் மனிதரைப் போன்றவர்களும்) மட்டும் பிடிக்கும். 2014-இல் கோப்ளின் ஹ்யூமனாய்டு. 2025 மான்ஸ்டர் புத்தகத்தில் அது ஃபே (தேவதைக் கதை உலகத்துப் பிராணி) வகை ஆகிவிட்டது, கோபோல்ட் டிராகன் வகைக்குப் போய்விட்டது. பழைய ஸ்பெல் பட்டியலை வைத்துக்கொண்டு புதிய மான்ஸ்டர்களிடம் போகும் அணிகள் இங்கே இடறுகின்றன. சார்ம் பெர்சனுக்கும் இதே கதி. இதே வரிசையில், ஷேப்சேஞ்சர்களிடம் (தானே உருமாறும் பிராணிகளிடம்) வேறு உருவாக மாற்றும் 2014 பாலிமார்ஃப் எடுபடாது, கோலம் எனப்படும் உயிரூட்டிய உருவங்களின் இம்மியூட்டபிள் ஃபார்ம் என்ற குணமும் உருமாற்றத்தை ஏற்காது.

ஸ்லீப் போட்டும் பாதிப் பேர்தான் விழுகிறார்கள். ஏன்?

2014 ஸ்லீப் சேவ் கேட்பதில்லை. 5டி8 உருட்டி, இப்போது குறைந்த ஹிட் பாயிண்ட் (உயிர்ப் புள்ளி) உள்ளவரிலிருந்து வரிசையாகக் கழிக்கும். 7 ஹிட் பாயிண்ட் வீதம் ஐந்து கோப்ளின்கள் முன்னால் இருக்க, 23 விழுந்தது என்று வைப்போம். ஒருவர் விழ 16, இரண்டாமவர் விழ 9, மூன்றாமவர் விழ 2 மிச்சம். நான்காமவருக்கு 7 வேண்டும், அவர் நிற்பார். ஸ்பெல்லுக்கு முன்பே ரேஞ்சர் ஒரு கோப்ளினை 2-க்கு இறக்கியிருந்தால்? 23-இல் 2 போக 21, அதில் 7 வீதம் மூன்று பேர். மொத்தம் நான்கு பேர் தூக்கம். எனவே ஸ்லீப்பை முதலில் போடாமல் ஓரிரு அடி விழுந்த பிறகு போடுங்கள். அன்டெட்டும், மயக்கப்பட முடியாதவையும், எல்ஃபும் தூங்கமாட்டார்கள். 2024 ஸ்லீப் முற்றிலும் வேறு: விஸ்டம் சேவ் கேட்கிறது, ஹிட் பாயிண்ட் கணக்கு இல்லை.

ட்ரோல் செத்தும் எழுந்து வருகிறது.

ட்ரோல் தன் முறையின் தொடக்கத்தில் 10 ஹிட் பாயிண்ட் மீட்கும். நெருப்போ அமிலமோ பட்டால் அடுத்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் அது நின்றுபோகும். சண்டையில் ஒருமுறை சுட்டால் போதும் என்று நினைப்பதே தவறு. பூஜ்யத்தில் தன் முறையைத் தொடங்கி, மீட்காமல் இருந்தால்தான் அது சாகும். எனவே கடைசி அடி விழுந்த பிறகும், அதன் முறை வருமுன் ஒரு நெருப்பு வேண்டும். கீழே கிடப்பதன் மேல் சுட்டாலும் செல்லும். நெருப்பே இல்லாவிட்டால் சில் டச் என்ற கேன்ட்ரிப்பை (ஸ்லாட் செலவில்லாத ஸ்பெல்லை) மறக்காதீர்கள்: அது பட்டவர் சற்று நேரத்துக்கு ஹிட் பாயிண்ட் மீட்கவே முடியாது.

ஃப்ளெஷ் கோலத்திடம் தலைகீழ். மின்னல் அதை ஆற்றும்: லைட்னிங் போல்ட்டில் 28 உருட்டினால் அது 28 மீட்கும். நெருப்பு பட்டால் மட்டும் தடுமாறி, தன் அடுத்த முறை முடியும்வரை தாக்குதலில் டிஸ்அட்வான்டேஜ் பெறும்.

பர்ப்பிள் வோர்ம் என்ற ராட்சதப் புழு விழுங்கிவிட்டது. உள்ளிருந்து என்ன ஸ்பெல் போடலாம்?

விழுங்கப்பட்டவர் குருடர், கட்டுண்டவர், வெளியிலிருந்து பார்த்தால் முழு மறைப்பில் இருப்பவர். ஒவ்வொரு சுற்றும் வோர்மின் முறைத் தொடக்கத்தில் 6டி6 அமிலம்.

குருடர் என்பதால் "நீங்கள் பார்க்கும்" என்ற சொல் உள்ள ஸ்பெல் எதுவும் ஆகாது. மிஸ்டி ஸ்டெப் பார்க்கும் இடத்துக்குத்தான் கொண்டுபோகும், எனவே இல்லை. டைமென்ஷன் டோர் திசையும் தூரமும் சொன்னாலே போதும்: "மேலே 60 அடி" என்பது செல்லும், ஆனால் விழும் சேதத்தைக் கணக்கில் வையுங்கள், "கிழக்கே 60 அடி" நல்லது. வெளியே நிற்கும் கிளெரிக்கின் (பூசாரியின்) குணப்படுத்தும் ஹீலிங் வேர்ட் உள்ளே வராது, உங்களைப் பார்க்க முடியாதே. இன்னொரு வழி, உள்ளிருந்து ஒரே முறையில் 30 அல்லது மேல் சேதம் கொடுப்பது. அப்போது வோர்ம் டிசி 21 கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டும். தோற்றால் விழுங்கிய எல்லோரையும் கக்கிவிடும். அமிலச் சேதம் சராசரி 21 என்பதால் கான்சென்ட்ரேஷன் சேவின் டிசி பெரும்பாலும் 10-ஐ ஒட்டியே இருக்கும். உள்ளே போனதும் ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பெல்லைக் கைவிட அவசரப்பட வேண்டாம்.

ஹார்பியின் பாட்டை சைலன்ஸ் அடக்குமா?

அடக்கும். பறக்கும் மான்ஸ்டரான ஹார்பியின் மயக்கும் பாட்டு 300 அடிக்குள் கேட்பவர்களை மட்டும் பாதிக்கிறது. ஆனால் 20 அடி ஆரமுள்ள அந்தக் கோளத்தை ஹார்பியின் மேல் போட்டால் அது பறந்து வெளியே வந்துவிடும், கோளம் நகராது. தோழர்களைச் சுற்றிப் போடுங்கள். சத்தம் உள்ளேயும் நுழையாது. விலை: உள்ளே இருக்கும் யாரும் சொல் தேவைப்படும் ஸ்பெல் போட முடியாது. வில்லாளிகளைத் தயாராக வைத்துக்கொண்டு போடுங்கள். ஹார்பி மான்ஸ்ட்ராசிட்டி வகை என்பதால் ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் இங்கே உதவாது.

இரண்டு விளைவு ஒரே நொடியில் நடந்தால் எது முதலில்?

முறையின் தொடக்கத்தில் ட்ரோல் மீள வேண்டும், அதே நேரம் அது நிற்கும் இடத்து ஸ்பெல் அதைச் சுட வேண்டும் என்றால், யாருடைய முறையோ அந்தப் பிராணியை ஆட்டுவிப்பவர் வரிசையைத் தீர்மானிக்கலாம் என்பது அதிகாரபூர்வமான கூடுதல் விதி. ட்ரோல் விஷயத்தில் அவர் டி.எம்.; எனவே மீட்சி முதலில் வரும் என்று எதிர்பார்த்து, நெருப்பை அதன் முறைக்கு முன்பே போட்டுவிடுங்கள்.